வலப்பக்கத்துத் தண்டு

நானா,

இன்று ஆயுத பூசை. காலையில் கடையைத் திறந்து மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகினேன். பக்கத்தில் என் மனைவி அரைத்துக் கொடுத்த சந்தனம் சின்னக் கிண்ணத்தில் இருந்தது. மண்ணெண்ணெயும் சந்தனமும் ஒன்றாக மூக்கில் ஏறின. போத்தலை மூடி வைத்துவிட்டேன். உங்கள் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. அதன் பக்கத்தில் என் பழைய ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் மருமகன் சாவியைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். "மாமா சொல்லி வச்சீக்கிறார். எந்த வருசமும் உங்கட பூசைய நிப்பாட்டப்படாதாம்," என்றார். நீங்கள் போய் மூன்று வாரம் ஆகிறது. மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் எனக்குப் பூசைக்கு லீவு தருகிற முதலாளி இந்த மாத்தளையில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்.

உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். உயிரோடு இருந்தபோதே எழுதியதை வாசிக்க மாட்டீர்கள். "நீ வாசி, நான் கேக்குறேன்" என்பீர்கள். என் படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு நான் போனேன், கணக்குப் பாடம்தான் என்னோடு வரவில்லை. மகன் படித்துத் தோட்டத்து ஒபிஸில் கிளாக்கராக உட்காருவான் என்று நம்பித்தான் என் அப்பா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. பழைய கார்ச் சாமான்களுக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கட்ட உங்களுக்குக் கையெழுத்து அழகான ஆள் ஒருவன் தேவைப்பட்டது. முதல் நாளே "வா கிளாக்கர்" என்று கூப்பிட்டீர்கள். அப்பா சாகும்வரை என் மகன் கிளாக்கர் என்றே ஊருக்குச் சொல்லித் திரிந்தார். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை.

அது வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். இப்போது கலர் கலராகப் பெட்டியில் வந்து குவிகிறது. அப்போது ஒரு காருக்கு ஓர் உறுப்பு வேண்டுமென்றால் இன்னொரு கார் சாக வேண்டும். சுதந்திரம் கிடைத்த காலத்தில் கப்பலில் வந்த அந்த இங்கிலாந்துக் கறுப்புக் கார்கள்தான் இந்த மலைகளில் அதிகம் ஓடின. அவற்றுக்குக் கொம்பனிச் சாமான் தேடி நாலந்தாவிலிருந்து வந்தார்கள், சீகிரியாவிலிருந்து வந்தார்கள், பல்லேகமவிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தார்கள். கொழும்பிலும் கடைகள் இருந்தன. ஆனால் இந்தச் சாமான் எந்தக் காரில் பிறந்தது, யார் ஓட்டினார், அந்தக் கார் எப்படிச் செத்தது என்று சொல்லி விற்ற கடை உங்களுடையது ஒன்றுதான்.

காரோடு கொம்பனியிலிருந்து வந்ததைப் "பொறந்த சாமான்" என்பீர்கள். பிறகு எங்கிருந்தோ வந்து மாட்டியதை "வாக்கப்பட்ட சாமான்" என்பீர்கள். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் விசாரித்ததைவிட ஒரு கியர்ப்பெட்டிக்கு நீங்கள் அதிகமாக விசாரித்தீர்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் கையால் ஒரு பொட்டு. வயசாகி ஓய்ந்த கார் என்றால் வெள்ளைப் பொட்டு. விழுந்த கார் என்றால் சிவப்பு. சிவப்பை ரோட்டுக்கு விடவே மாட்டீர்கள். பட்டறையில் அளவு எடுக்க மட்டும் கொடுப்பீர்கள். "விழுந்த இரும்பு வெளிய நல்லா ஈக்கும். உள்ளுக்குள்ள அழுதுகிட்டு ஈக்கும்," என்று சொல்வீர்கள். பொட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் துண்டு, நூலில் கட்டித் தொங்கும்.

நாலந்தாவுக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? ஓய்வு பெற்ற டொக்டர் ஒருவர் காலமாகி, அவர் மனைவியான அம்மையார் காரைக் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார். டிஸ்பென்சரிக்கும் வீட்டுக்கும் தவிர எங்கும் போகாத கார். நீங்கள் வெள்ளைச் சாரத்தோடு அதன் அடியில் படுத்து டோர்ச் அடித்து, நம்பர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"எழுதினாயா?"

"எழுதிட்டேங்க."

"முன் சக்கரத் தண்டு. கொம்பனி எழுத்து உள்பக்கத்துல ஈக்குது. இந்த ரகம் வந்த முதல் வருசம் உள்பக்கம்தான் அடிச்சான். அடுத்த வருசத்துல இருந்து வெளிப்பக்கம். இத மறக்காத."

"மறக்க மாட்டேங்க."

அடுப்படியிலிருந்து பலாக்காய்க் கறி வாசம் வந்துகொண்டிருந்தது. அம்மையார் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் நம்பரை எழுதினேன். உள்பக்கம், வெளிப்பக்கம் என்பதை எழுதவில்லை. அந்தக் கறியில் கடுகு அரைத்துப் போட்டிருந்தார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதே வருசம் எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தோட்டத் துரையின் கார் வளைவில் உருண்டது. அதுவும் அதே ரகம், ஒரு வருசம் இளையது. அதன் முன் சக்கரத் தண்டும் நம் கடைக்கு வந்தது. கராஜ்காரர்கள் ஸ்டப் எக்சல் என்கிற அந்தத் தண்டில்தான் சக்கரமே நிற்கிறது. அது முறிந்தால் சக்கரம் தனி வழியில் போகும், கார் தனி வழியில் போகும். டொக்டருடையதும் வலப்பக்கம், துரையுடையதும் வலப்பக்கம். ஒன்றுக்கு வெள்ளைப் பொட்டு, மற்றதற்குச் சிவப்பு.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். ஆறு வருசமாக வராமல் சுற்றிப் போனேன்.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு நீங்கள் அக்குறணைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தீர்கள். முந்திய வருசங்களில் நான் ஸ்பேனர், சுத்தியலுக்கு மட்டும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவேன். அந்த முறை கடை முழுக்க என் கையில் என்றதும் பக்தி தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை சாமானும் சோறு போடுகிறது, இவற்றை அழுக்கோடு சாமி முன்னால் வைப்பதா என்று தோன்றியது. துண்டுகளை அவிழ்த்து மேசையில் வரிசையாக வைத்தேன். சாமான்களை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினேன். அழுக்குப் போனது. உங்கள் பொட்டும் போனது. அப்போதும் வரிசை இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். பிறகு அழகுக்காகப் பலகையில் படி கட்டி, கொலு வைப்பதைப் போல அடுக்கினேன். பெரியது கீழே, சின்னது மேலே. சந்தனம், குங்குமம், பூ. கற்பூரம் காட்டி முடித்துத் திரும்பி மேசையைப் பார்த்தபோதுதான் துண்டுகள் மட்டும் வரிசையில் இருக்கின்றன, சாமான்கள் இல்லை என்பது மண்டையில் ஏறியது.

மற்றவை ஒன்றுக்கொன்று வித்தியாசம், ஞாபகத்தில் கட்டிவிட்டேன். இந்த இரண்டு தண்டுகளும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எது பார்க்க மரியாதையாக இருந்ததோ அதற்கு டொக்டரின் துண்டைக் கட்டி, வெள்ளைப் பொட்டு வைத்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிந்ததைத் துரைக்குக் கொடுத்தேன். இரும்பின் மூஞ்சியைப் பார்த்து ஜாதகம் எழுதியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீங்கள் வந்ததும் சொல்லியிருக்கலாம். ஏச்சு விழும், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அப்படியே எட்டு நாள் போனது. அதற்குள் நான் கட்டிய துண்டு சரியானதுதான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

எட்டாம் நாள், வாடகைக்கு ஹயர்க் கார் ஓட்டும் சுமணபால வந்தார். அவருடைய காரும் அதே ரகம்; அதில் வலப்பக்கத் தண்டு தேய்ந்திருந்தது. மறுநாள் அவருக்கு மலைப் பயணம். அந்தப் பயணத்தைப் பேசி வைத்தவனே நான்தான். ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்கு ஒன்பது மாதம் பிறந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு அவளை வீட்டுக்குக் கூட்டி வர என் மனைவி அந்தக் காரில் போவதாக ஏற்பாடு. நீங்கள் வெள்ளைப் பொட்டுத் தண்டை எடுத்துக் கொடுத்து, டொக்டரின் கதையை முழுக்கச் சொல்லி, கராஜில் கூடவே நின்று மாட்டுவித்தீர்கள். "பயப்படாத கிளாக்கர். பொறந்த சாமான். உன்ட மகள மெத்தையில வச்ச மாதிரி கொண்டு வரும்," என்று என் தோளில் தட்டினீர்கள். நான் பல்லைக் காட்டினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கார் போனது. பத்து மணியளவில் நீங்கள் சிவப்புப் பொட்டுத் தண்டைப் பட்டறைக்கு அனுப்ப எடுத்தீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெருவிரலால் அதைச் சுற்றித் தடவினீர்கள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"கிளாக்கர், இங்க வா. இது யாரு?"

"துரையோடதுங்க. எல்கடுவையில விழுந்தது. துண்டுல இருக்குதே."

"துண்டக் கேக்கல்ல. இரும்பைக் கேக்குறேன். உள்பக்கம் தடவிப் பாரு."

தடவினேன். எழுத்து விரலில் குத்தியது.

"துரைட கார் எத்தனாவது வருசம்?"

"ரெண்டாவதுங்க."

"ரெண்டாவது வருசத்துல எழுத்து எங்க?"

எனக்குப் பலாக்காய்தான் ஞாபகம் வந்தது. நீங்களே சொன்னீர்கள். "வெளியில. இது டொக்டர்ட. அப்ப நேத்து நான் மாட்டினது யாருட?"

"பூசைக்குக் கழுவினேன் நானா," என்றேன்.

"பொட்ட?"

"போயிருச்சுங்க."

"துண்ட?"

"அவுத்துட்டுத் திரும்பக் கட்டினேன். ஞாபகத்துல."

நீங்கள் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள். "ஏறும்போது பாரம் பின்னால," என்று யாருக்கோ சொல்வதைப் போலச் சொன்னீர்கள். "எறங்கும்போதுதான் முன்கால்ல நிக்கும். எறங்க முந்திப் புடிக்கணும்."

தோட்டத்து ஒபிஸுக்குப் போன் எடுத்தோம். மழையில் லைன் அறுந்துவிட்டது என்றாள் எக்ஸ்சேஞ்சில் இருந்த பிள்ளை. தெருவில் நின்றது பேக்கரிக்காரரின் பாண் வேன் ஒன்றுதான். நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்களோ, அடுத்த நிமிசம் ஓட்டுகிற சீட்டில் இருந்தீர்கள். ஜாக், ஸ்பேனர், மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாம் என் காலடியில். டொக்டரின் தண்டு என் மடியில். குழந்தையைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் கூட மெதுவாக ஓட்டுகிறவர் என்று உங்களைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு நீங்கள் ஓட்டிய ஓட்டத்தில் பின்னால் பாண் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. சுடச்சுடப் பாண் வாசம். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கீழே பள்ளத்தைப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே கறுப்பாக எது தெரிந்தாலும் அந்தக் கார் என்றே நினைத்தேன். ஒன்று கற்பாறை. ஒன்று எரிந்த மரக்கட்டை. ஒன்று யாரோ காயப்போட்ட கம்பளி. நீங்கள் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தீர்கள். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கொலு வைத்தபோது எல்லாரும் வந்திருந்தார்களே.

ரத்தோட்டை தாண்டி, தோட்டத்து ரோடு பிரிகிற இடத்தில் தேத்தண்ணிக் கடை. வேனை நிறுத்தாமலே கத்தினேன்.

"அக்கா, கறுப்புக் காரு எறங்கிருச்சா?"

"இன்னும் இல்லீங்க. மேல போயி ரொம்ப நேரமாச்சு. என்னாங்க, பாண் கொண்டு போறீங்களா? ரெண்டு குடுத்துட்டுப் போங்களேன்!"

மேலே பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பாதி தூரம் ஏறியிருப்போம். நீங்கள் திடீரென்று வேனை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினீர்கள்.

"என்னா நானா?"

"சத்தம் போடாத. கேளு."

மேலே எங்கோ ஹோன் அடித்தது. அந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹோன் அடித்துத்தான் திரும்புவார்கள். சுமணபாலவின் ஹோன் எங்கள் எல்லாருக்கும் தெரியும். சளி பிடித்த வாத்து மாதிரி இருக்கும்.

"எறங்கத் தொடங்கிட்டான்," என்றீர்கள். "நமக்கும் அவனுக்கும் நடுவுல மூணு வளைவு."

"மேல போயிருவோம் நானா."

"பனிக்குள்ள நம்ம வேன் எதுக்க வந்தா அவன் பிரேக்கைப் போட்டு மிதிப்பான். மிதிச்சா அந்தத் தண்டு தாங்குமோ தெரியாது. நீ எறங்கி நடந்து போ. கையக் காட்டு. மெதுவாக் காட்டு. சிரிச்சுக்கிட்டே காட்டு. உன்ட மூஞ்சில பயத்தைக் கண்டா அவனும் பயந்து மிதிப்பான்."

இறங்கினேன். பனிக்குள் நடந்தேன். இரண்டாவது ஹோன். பிறகு ஒன்றும் இல்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அட்டை ஒன்று காலில் ஏறியது, தட்டவில்லை. அடுத்த ஹோன் வராவிட்டால் என்ன சத்தம் வரும் என்று என் காது தானாகவே தேடத் தொடங்கியது. தகரம் நசுங்கும் சத்தத்தையும், பெண் குரல் ஒன்றையும் கற்பனையில் கேட்டேன். அந்தக் குரல் என் மனைவியுடையதா மகளுடையதா என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. மூன்றாவது ஹோன் பக்கத்தில் அடித்தது. இரண்டு மஞ்சள் வெளிச்சம் பனியில் வந்தது.

நான் சிரித்தேன், நானா. என் வாழ்நாளில் செய்த கஷ்டமான வேலை அது. கல்யாண வீட்டு வாசலில் ஆட்களை வரவேற்பதைப் போலக் கையை மெல்ல அசைத்துக்கொண்டு, பல் முழுவதும் தெரிய நடுரோட்டில் நின்றேன். கார் மெதுவாக, மிக மெதுவாக வந்து என் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

என் மனைவி கண்ணாடியை இறக்கினாள். கீழே நின்ற வேனை எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, கடை வேலைய விட்டுட்டுப் பாண் விக்க வந்துட்டீங்களா?"

பின்சீட்டில் மகள் வயிற்றில் கைவைத்துச் சாய்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்து, அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னாப்பா, என்னா?" என்று அவள் பதறினாள். எனக்கு அழுகைதான் வந்தது.

நீங்கள் வந்து, "ஒண்ணுமில்ல மகள், சக்கரத்துல சின்ன வேலை," என்று சொல்லி இரண்டு பேரையும் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டில் உட்கார வைத்தீர்கள். ஜாக் போட்டுச் சக்கரத்தைக் கழற்றித் தண்டை எடுத்தீர்கள். மண்ணெண்ணெயில் ஊற வைத்து நன்றாகத் துடைத்தீர்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் திரும்பக் கசியும். அது தெரிய மேலே வெள்ளைத் தூள் தூவ வேண்டும். சோக்குக் கட்டியைக் கடையிலேயே மறந்து வந்திருந்தோம்.

"கிளாக்கர், உன்ட சட்டைப்பையில திருநீறு ஈக்குமே."

பொட்டலத்தைக் கொடுத்தேன். நீங்கள் அதை இரண்டு கையாலும் வாங்கி, பிரித்து, தண்டின் கழுத்தில் தூவி மெல்ல ஊதினீர்கள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. வெள்ளையாகவே இருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போது திருநீற்றில் கறுப்பாக ஒரு மயிரிழை கிளம்பியது. எறும்பு ஊர்வதைப் போல ஊர்ந்து, தண்டின் கழுத்தை முக்கால்வாசி சுற்றி வந்து நின்றது. மிச்சக் கால்வாசி இரும்பில்தான் என் மகள் அந்த வளைவுகளை இறங்கியிருக்கிறாள்.

"யா அல்லாஹ்," என்று நீங்கள் சாரத்து முனையால் அதை மூடினீர்கள். சுமணபால பார்த்துவிட்டார். அவருடைய முகம் வெளுத்துப் போனது.

"மே மொகத, இது என்னா நானா? இதையா எனக்கு மாட்டினது?"

"என்ட பிழை தம்பி. துண்டு மாறிப் போச்சு. நான்தான் மாத்திக் கட்டிட்டேன்."

என் வாய் திறந்தது. நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாய் மூடிக்கொண்டது. திறந்ததும் மூடியதும் என் வாய்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

டொக்டரின் தண்டை மாட்டினீர்கள். பெண்கள் பத்திரமாக இறங்கினார்கள். திரும்பி வரும்போது பாண் வேனில் நான் கேட்டேன், ஏன் நானா அப்படிச் சொன்னீங்க என்று. "உன்ட பேரு போனா உனக்கு வேற கடை இல்ல. என்ட பேரு போனா எனக்கு இன்னும் என்ட கடை ஈக்குது," என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

கடை இருந்தது. பெயர்தான் குறைந்தது. ஸ்டாண்டில் டிரைவர்கள் "நானாவுக்குக் கண்ணும் போச்சு, ஞாபகமும் போச்சு" என்றார்கள். சீகிரியாவிலிருந்து வருகிற ஆள் ஒருவர், நீங்கள் ஒரு கியர்ப்பெட்டியின் வரலாற்றைச் சொல்லி முடித்த பிறகு, "நிச்சயந்தானா?" என்று கேட்டார். இருபது வருசத்தில் உங்களை யாரும் கேட்காத கேள்வி. "பாத்து எடுங்க," என்று மட்டும் சொன்னீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் துண்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

சுமணபால வாயிலாக மகளுக்கும் விசயம் போனது. அவள் உங்களை மன்னிக்கவே இல்லை. "வேலைய விடுங்கப்பா, அந்த மனுசன் என்னையும் பாப்பாவையும் கொல்லப் பாத்தாரு," என்பாள். உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு நான் போனேன். அவள் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். இப்போது சாயங்காலம். நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மகள் பூசைக்கு அவல் கடலை எடுத்துக்கொண்டு பேத்தியோடு கடைக்கு வந்தாள். நான் பொட்டு வைக்காமல் உட்கார்ந்திருந்ததையும் கண்ணையும் பார்த்துவிட்டு, "செத்தும் அந்த மனுசன் உங்கள அழ வைக்கிறாரே," என்றாள். இதை எழுதுகிற கொப்பியை நான் அவளிடம் கொடுத்திருக்கலாம். அதையும் ஒரு துண்டாகக் கட்டிவிட்டு ஒதுங்கினதாக ஆகிவிடும். வாயால் சொன்னேன்.

"துண்டு நீங்க மாத்திக் கட்டினதா?"

"ஆமா."

"அவரு இல்லையா?"

"இல்ல."

அவள் அவல் கடலையை மேசையில் வைத்தாள். பிறகு, "பாப்பா பொறந்தப்ப அவரு ஒரு சட்டை அனுப்பினாரு. நான் வேணாம்னு திருப்பி விட்டேன். யாருப்பா கொண்டுபோய்க் குடுத்தது?" என்றாள்.

"நான்தான்."

"என்னா சொல்லிக் குடுத்தீங்க?"

"அளவு சின்னம்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"அடுத்த தடவ பெரிசா எடுப்போம்னாரு."

பனிக்குள் நின்றபோது பயந்த பயத்தைப் பெரிது என்று நினைத்திருந்தேன். என் மகள் அப்போது என்னைப் பார்த்த பார்வைக்கு அது பக்கத்தில் வராது. அவள் எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். "வாங்க, அவங்க வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

உங்கள் வீட்டில் ராத்தா, கணவனை இழந்த பெண்ணுக்குரிய இத்தாவில் இருக்கிறார்கள். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முகம் பார்க்க முடியாது. மகளும் பேத்தியும் உள்ளே போனார்கள். நான் கேற்றுக்கு வெளியே, உங்கள் தேசி மரத்தின் பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அழுகை கேட்டாலாவது எந்தப் பக்கம் ஓடலாம் என்று தெரியும். முதலில் பேத்தி வந்தாள், கையில் ஒரு துண்டு தொதல் இனிப்போடு. அது நல்ல சகுனமா என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவங்களுக்குத் தெரியும்ப்பா."

"என்னா தெரியும்?"

"எல்லாம். அன்னிக்கே நானா சொல்லிட்டாராம். கிளாக்கர் ஒருநாள் தானா வந்து சொல்லுவான், அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாதுன்னாராம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பெருநாளைக்கு நீங்க வந்து சாப்பிடுறப்ப, திரைக்குப் பின்னால நின்னு பாப்பாங்களாம். ஆறு வருசமா தலையக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிடுறீங்களாம். இனிமேலாவது நிமிந்து சாப்பிடச் சொன்னாங்க."

ஆறு வருசம், நானா. ஒவ்வொரு பெருநாளும் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கறி பிரமாதம் ராத்தா என்று சத்தமாகச் சொல்லி, ஒளித்துவிட்டேன் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். உங்களுக்கும் தெரியும், பரிமாறச் சொன்ன அவர்களுக்கும் தெரியும். அந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

சுமணபாலவிடம் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. நாளைக் காலை அவர் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் ஸ்டாண்டுக்குப் போவேன். மகள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் கோபக்காரர். கையை ஓங்குவாரோ, காறித் துப்புவாரோ, எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திரும்பவும் சொல்லு என்பாரோ. திரும்பச் சொல்லச் சொன்னால் நல்லது. உங்கள் கண்ணைப் பேசியவர்கள், ஞாபகத்தைப் பேசியவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். அடி விழுந்தால் வாங்கிக்கொள்வேன். பாதி சொல்லும்போது என் வாய் தானாக மூடிக்கொண்டுவிடுமோ என்பதுதான் எனக்குப் பயம்.

உங்கள்
கிளாக்கர்